கொலு பார்க்கில் கடுகு ஏன் வாழைத்தோப்பாகிறது?

கொலு வைக்கும் வீடுகளில் நவராத்திரிக்கு ஒரு வாரம் முன்பே பிள்ளைகளின் வேலை தொடங்கிவிடும். படி கட்டுவது பெரியவர்கள் பாடு. படிக்குக் கீழே தரையில் போடுகிற ‘பார்க்’ பிள்ளைகளுடையது. அகலமான தட்டில் மண்ணைப் பரப்பிக் கடுகும் வெந்தயமும் கேழ்வரகும் தூவித் தண்ணீர் தெளித்து வைத்தால், கொலு தொடங்குகிற நாளில் பச்சைப்பசேல் என்று முளைத்து நிற்கும். நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைப் புதைத்தால் குளம். அதன் கரையில், காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் வாங்கிய கோபுரம். உத்திரமேரூர்ப் பக்கத்து வீடுகளில் இதோடு ஏரிக்கரையும் மதகும் களிமண்ணில் எழும்புவதுண்டு.

மண் நிஜ மண், பச்சை நிஜப் பச்சை. இருந்தும் பார்க்கிறவர் கண்ணுக்கு அது கோயிலாகப் படாது. முளைப்பாரிக்கு நடுவே வைத்த பொம்மையாகத்தான் படும். தஞ்சாவூரில் நெட்டித் தக்கையில் செய்கிறார்களே பெரிய கோயில், அதில் புல் இல்லை, மரம் இல்லை, தண்ணீர் இல்லை, வெள்ளையைத் தவிர நிறமும் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அது மட்டும் நம்மை ஒரு நொடி ராஜராஜன் வாசலில் நிறுத்திவிடுகிறது. நிஜப் புல் பொய்யாகத் தெரிவதற்கும், வெறும் தக்கை நிஜமாகத் தெரிவதற்கும் காரணம் என்ன?

கட்டட மாதிரி செய்கிறவர்கள் கத்தியை எடுப்பதற்கு முன் தீர்மானிப்பது அளவுவிகிதம். நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஒரு மீட்டர் ஒரு சென்டிமீட்டராகிவிடும். 60 மீட்டருக்கும் மேல் உயர்ந்த தஞ்சை விமானம் இரண்டடி உயரத்துக்கு வரும். ஐந்தேகால் அடி மனிதர் 16 மில்லிமீட்டர். இப்போது கடுகைக் கவனியுங்கள். 4 செ.மீ. முளை அந்த உலகத்தில் 4 மீட்டர் உயரம், ஒரு செ.மீ. அகல விதையிலை ஒரு மீட்டர் அகலம். நான்கு மீட்டர் உயரமும் ஒரு மீட்டர் அகல இலையும் உள்ள தாவரத்துக்கு நம்மூரில் வாழை என்று பெயர். பிள்ளைகள் போட்டது புல்வெளி. கண் கண்டது வாழைத்தோப்பு. கண் தப்பாகப் பார்க்கவில்லை, கணக்காகப் பார்த்திருக்கிறது.

அப்படியானால் புல்லையும் நூறில் ஒன்றாகக் குறைத்துவிடலாமே? 5 செ.மீ. புல் அரை மில்லிமீட்டராகும். அதன் 3 மில்லிமீட்டர் அகல இதழ் 0.03 மி.மீ. ஆகும், அது தலைமுடியைவிட மெல்லிசு. அதை வெட்ட எந்தக் கையாலும் முடியாது. நல்லவேளையாக வெட்டவும் வேண்டாம். மாதிரியைக் கையெட்டும் தூரத்தில், அரை மீட்டரில், வைத்துப் பார்க்கிறோம் அல்லவா? நூற்றுக்கு ஒன்று கணக்கில் அது 50 மீட்டர். அதாவது, மாதிரியைப் பார்ப்பது என்றால் நிஜக் கட்டடத்தை 50 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது. அங்கிருந்து பார்த்தால் எது தெரியுமோ அதுதான் மாதிரியில் இருக்க வேண்டும். தெரியாததைச் செய்வது வீண் வேலை. சில சமயம் கெடுதலும்கூட.

எது தெரியும் என்பதற்கு அளவு இருக்கிறது. ஒரு பாகையை அறுபது பங்கு போட்டால் ஒரு பங்குக்குக் கலை என்று பஞ்சாங்கக் கணக்கில் பெயர். குறையில்லாத கண்ணால் சுமார் ஒரு கலை இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்க முடியும். அதைவிட நெருங்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். இது கண் மருத்துவமனையில் தினமும் சோதிக்கப்படுகிற விஷயம். சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையை 1862-இல் உருவாக்கியவர் ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற டச்சு மருத்துவர். சாதாரணப் பார்வைக்கு உரிய வரியில், எழுத்தின் உயரம் கண்ணில் ஐந்து கலை விரியும். அதன் ஒவ்வொரு கோடும் ஒரு கலை விரியும். ஆறு மீட்டரில் அந்த எழுத்து ஒன்பது மி.மீ. அளவு. 50 மீட்டரிலிருந்து படிக்க வேண்டுமானால் அதே எழுத்து 7 செ.மீ. உயரம் இருந்தாக வேண்டும்.

இந்தக் கணக்கை உத்திரமேரூருக்குக் கொண்டுவருவோம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் முழுக்க எழுத்து. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும், குடவோலைத் தேர்தல் விதிகளைப் பொறித்த சுவர் அது. பள்ளிக் கண்காட்சிக்காக யாராவது அந்தக் கோயிலை நூற்றுக்கு ஒன்றில் செய்தால், முதலில் எழும் கேள்வி, எழுத்தை என்ன செய்வது என்பதுதான். ஊசிமுனைப் பேனாவால் கிறுக்கத் தோன்றும். எழுத்து 3 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் மாதிரியில் அது 0.3 மி.மீ.; அரை மீட்டரில் கண் பிரித்தறியும் எல்லை 0.15 மி.மீ.க்கு ஒட்டி இருக்கிறது. ஏதோ வரிவரியாக இருக்கிறது என்று தெரியும், எழுத்து என்று தெரியாது. 50 மீட்டரில் நிஜக் கோயிலும் அப்படித்தான் காட்டும். பேனாவால் எழுதினால், படிக்க முடிகிற அளவுக்கு எழுத்து பெருத்துவிடும். அதைப் படிக்க முடிந்த அந்தக் கணமே கோயில் பெட்டியாகச் சுருங்கிவிடும். எழுத்துள்ள கற்களின் மேல் வரிவாக்கில் உலர்ந்த தூரிகையால் ஒரு சாயை கூடுதல் சாம்பல் நிறம் இழுத்தால் போதும். தேர்தல் விதிகளுக்கு மரியாதைக் குறைவு என்று தோன்றலாம். ஆனால் அதுதான் சரி.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. காஞ்சிபுரம் பட்டில் மயில்கழுத்து நிறத்தை நினைத்துப் பாருங்கள். தறியில் அந்த நிறத்தில் ஒரு நூல்கூடக் கிடையாது. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். இழையைப் பிரிக்க முடியாத தூரத்தில் கண்ணே இரண்டையும் கலந்து மூன்றாவது நிறத்தை நெய்துகொள்கிறது. தூரத்துப் புல்வெளியும் இதே கலப்புதான். புல், காய்ந்த சருகு, இடையிடையே மண், புல்லின் மேல் புல் போட்ட நிழல் எல்லாம் கலந்து மங்கிய ஒரு பச்சை. இலையின் மேல் விழும் பச்சை ஒளியிலேயே நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்குதான் திரும்பி வருகிறது. மீதியில் பெரும்பகுதியை இலை விழுங்கிக்கொள்கிறது. கடையில் விற்கும் பச்சைப் பொடி அப்படியே கண்ணைப் பறிப்பதும், பார்த்த உடனே பொம்மை என்று சொல்லிவிடுவதும் இதனால்தான். அந்தப் பொடியோடு காவி, காப்பித்தூள் நிறம், கொஞ்சம் சாம்பல் என்று கலந்து, இங்கே அதிகம் அங்கே குறைவு என்று தூவினால்தான் புல் வரும். நம்மூர்ப் புல், அதுவும் ஐப்பசி மழைக்கு முந்திய புல், பச்சையைவிடப் பழுப்புதான் அதிகம்.

விடுவது எது, வைப்பது எது என்பதில் பல்லவத் தச்சர்களைப் பார்த்துக் கற்க நிறைய இருக்கிறது. மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் என்று சொல்லப்படுவது ஏழாம் நூற்றாண்டில் ஒரே பாறையில் செதுக்கிய கூரைக் குடிசை. கூரையின் வளைவு அச்சாக இருக்கிறது. விளிம்புகளில் பூவேலை இருக்கிறது. வேய்ந்த புல்லில் ஓர் இழைகூடக் கிடையாது. வழவழ என்று விட்டுவிட்டார்கள். குடிசை என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. உத்திரமேரூர் சுந்தரவரதப் பெருமாள் கோயிலில் நின்ற, இருந்த, கிடந்த கோலங்களுக்கு மூன்று தளம். திராவிட விமானங்களில் தளத்துக்குத் தளம் விளிம்பில் வரிசையாக நிற்கும் கர்ணகூடம், சாலை, பஞ்சரம் எல்லாமே சிறு கோயில் மாதிரிகள்தான். கட்டடத்தின் மேலேயே கட்டட மாதிரிகளை அடுக்குவது என்பது நம் தச்சர்களின் மொழி. எந்த உயரத்தில் எவ்வளவு நுணுக்கம் என்ற கேள்வி அவர்களுக்குப் புதிது இல்லை.

புல்லுக்குத் திரும்புவோம். மாதிரியின் விகிதம் பெரிதானால், உதாரணமாக இருபதுக்கு ஒன்றானால், பார்க்கும் தூரம் பத்து மீட்டர். அங்கிருந்து புல் தனித்தனியாகத் தெரியும். 5 செ.மீ. புல் இப்போது இரண்டரை மி.மீ. பொடி போதாது. பசையின் மேல் நைலான் இழைகளைத் தூவினால் வைக்கோல் சரிந்த மாதிரி படுத்துவிடும். அவற்றை எழுந்து நிற்கச் செய்வது நிலைமின்சாரம். இழைகள் இருக்கும் சல்லடைக்கும் தரையில் தடவிய ஈரப் பசைக்கும் இடையே பல ஆயிரம் வோல்ட் வேறுபாடு கொடுக்கிறார்கள். சல்லடையைத் தொட்ட இழை மின்னேற்றம் பெறுகிறது. ஒரே வகை ஏற்றம் என்பதால் இழைகள் ஒன்றையொன்று தள்ளி விலகுகின்றன. மின்புலத்தின் போக்கிலேயே நெட்டுக்குத்தாகத் திரும்பிப் பசையை நோக்கிப் பாய்கின்றன. மின்சாரம் கடத்தும் பரப்பை மின்புலக் கோடுகள் எப்போதும் செங்குத்தாகவே தொடும் என்பதால், இழையும் செங்குத்தாகவே குத்தி நிற்கிறது. நகைப்பெட்டிக்குள் மெத்தென்று தடவத் தோன்றும் வெல்வெட் உறைகள் பலவற்றைச் செய்வதும் இதே முறையில்தான். கொசு பேட்டைப் பிரித்து இந்தக் கருவியைச் செய்துகொள்ளும் பொழுதுபோக்குக்காரர்கள் உண்டு. பிள்ளைகள் கையில் கொடுக்கிற வேலை இல்லை அது. அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

மண் விஷயம் வேறு. இங்கே இயற்கை ஒரு சலுகை தருகிறது. உலர்ந்த மணலைக் குவித்தால் சரிவு முப்பத்து நாலு பாகையை ஒட்டி நின்றுவிடும். கைப்பிடிக் குவியலானாலும் லாரி கொட்டிய குவியலானாலும் அதே சரிவு. சாய்வுக் கோணத்துக்கு அளவு தெரியாது. ஆகவே மணல்மேடு மாதிரியில் தானாகவே சரியாக அமையும். ஆனால் மணல் துகள் காட்டிக்கொடுத்துவிடும்: அரை மி.மீ. மணல் நூற்றுக்கு ஒன்றில் 5 செ.மீ. சரளைக்கல். சரி, கோலமாவு போல நைசாக அரைத்த பொடியைப் போடலாம் என்றால், இன்னொரு சங்கடம். துகள் சிறுக்கச் சிறுக்க அதன் எடை மளமளவென்று குறைகிறது. பக்கத்துத் துகளோடு ஒட்டும் விசை அந்த வேகத்தில் குறைவதில்லை. அதனால் நைஸ் பொடி மணல் மாதிரி சரியாது, கட்டியாகிச் செங்குத்தாக நிற்கும். மேட்டுக்கு மணல், அதன் மேலே போர்வையாகச் சல்லடையில் சலித்த பொடி என்று இரண்டையும் சேர்ப்பதுதான் வழி.

பொடியை நிலைநிறுத்தத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டுவார்கள். முதல் சொட்டு விழுந்ததும் நடப்பதைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். உலர்ந்த மரத்தூளின் மேல் அது பரவாமல் உருண்டை கட்டி, தூளைப் போர்த்திக்கொண்டு, வெள்ளைக் கோலிக்குண்டாக உருண்டு ஓடி, போகிற வழியில் பள்ளம் வைத்துவிடும். காரணம் பரப்பு இழுவிசை: நீர்ப்பரப்பு எப்போதும் தன்னைக் குறைத்துக்கொள்ளவே பார்க்கும். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு துளி சேர்த்த தண்ணீரை முதலில் தெளிப்பானால் பனி போல் அடித்துவிட்டுப் பிறகு பசையைச் சொட்டினால் அது சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். சோப்பு மூலக்கூறுகள் பரப்பில் வந்து நின்று இழுவிசையைப் பாதிக்குப் பாதி தளர்த்திவிடுகின்றன. வெள்ளையாக ஊற்றிய ஃபெவிகால் காய்ந்ததும் காணாமல் போவதும் பௌதிகம்தான். தண்ணீரில் மிதக்கும் பிசின் திவலைகள் ஒளியைச் சிதறடித்து வெண்மை காட்டுகின்றன. தண்ணீர் போனதும் திவலைகள் கூடி ஒரே படலமாகி ஒளிக்கு வழிவிடுகின்றன.

தெர்மாகோலில் மேடு பள்ளம் வெட்டியவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அதன் மேல் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தால் மலை கண்ணெதிரே உருகிக் குழியாகும். உருகுவதற்குக் காரணம் சூடு இல்லை. தெர்மாகோல் என்பது பெரும்பாலும் காற்று அடைத்த பாலிஸ்டைரீன்; பெயிண்டிலிருக்கும் கரைப்பான் அந்த மெல்லிய சுவர்களைக் கரைத்துவிடுகிறது. போஸ்டர் கலர் போன்ற தண்ணீர்ச் சாயம் ஒன்றும் செய்யாது.

இதே கட்டத்தில் கவனிக்க வேண்டிய இடம் கட்டடமும் மண்ணும் சேரும் விளிம்பு. புள்ளிகளைப் பிரிப்பதில் ஒரு கலையோடு நின்றுவிடும் கண், நீளமான கோட்டை அதைவிடப் பல மடங்கு மெல்லிசாக இருந்தாலும் பிடித்துவிடும். அதனால்தான் தொலைவில் வானத்துக்கு எதிரே மின்கம்பி தெரிகிறது. மாதிரிக் கோயிலின் அடியில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் அது கறுப்புக் கோடாகி, கோயில் தரையில் மிதப்பதாகக் காட்டிவிடும். அடித்தளத்தை மண்ணுக்குள் இரண்டு மில்லிமீட்டர் புதைத்து, ஓரத்தில் பொடி அணைத்துவிடுவது ஐந்து நிமிட வேலை. மற்ற எந்த வேலையைவிடவும் இதற்குத்தான் பலன் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

மரத்துக்கு மரத்தையே வைக்கலாம். புளிய மரத்தின் பெரிய கிளை சிறு கிளைகளாகவும், சிறு கிளை மிலாறுகளாகவும் பிரியும் விதம் ஏறக்குறைய ஒரே மாதிரி. மிலாறு ஒன்றை ஒடித்துத் தனியே காட்டினால் முழு மரத்தின் சாயல் இருக்கும். பகுதி முழுதைப் போலவே இருக்கும் இந்தத் தன்னொப்புமைக்கு பெனுவா மண்டல்பிரோ என்ற கணிதர் ஃபிராக்டல் என்று பெயர் வைத்து, 1982-இல் வெளிவந்த நூலில் மேகம், கடற்கரை, மரம் எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் கொண்டுவந்தார். கணக்குத் தெரியாமலே இதைப் பயன்படுத்தலாம். காய்ந்த துளசிச் செடியின் கிளைகளைக் கவிழ்க்காமல் நட்டு, மேலே பசை தெளித்து, பச்சை ஏற்றிய மரத்தூளைத் தூவினால் வேம்பு. வேப்பிலையின் 6 செ.மீ. நூறில் ஒன்றாகும்போது மரத்தூள் அளவுதான்.

ஆனால் உத்திரமேரூர் வட்டாரத்தை மாதிரியில் காட்ட வேப்ப மரம் மட்டும் போதுமா? ஏரிக்கரை என்றால் பனை. வீட்டுக் கொல்லை என்றால் தென்னை. இவை இரண்டும் கிளைப்பதில்லை. ஒரே தண்டு, உச்சியில் ஓலை. பகுதி முழுதைப் போல இருக்காது, குறுக்குவழி கிடையாது. பனைக்கு ஓலை ஓலையாகச் செய்ய வேண்டியதுதான்: காகிதத்தை விசிறியாக மடித்து ஒரு செ.மீ. அரைவட்டமாக வெட்டி, நுனியைக் கிழித்துவிட வேண்டும். தென்னைக்கு மட்டும் ஓர் உபாயம் இருக்கிறது. நடுவில் தண்டு, இரு பக்கமும் இழை என்ற அமைப்பு பறவை இறகிலும் உண்டு. கோழி இறகை 5 செ.மீ. நீளத்துக்குக் கத்தரித்து, ஓரத்தைச் சரித்து வெட்டி, பச்சை தோய்த்து வளைத்தால் 5 மீட்டர் மட்டை தயார்.

தண்ணீரிடம்தான் எல்லாரும் தோற்பார்கள். கொலுவின் கண்ணாடிக் குளத்தை எடுத்துக்கொள்வோம். கண்ணாடி, எந்தக் கோணத்தில் பார்த்தாலும் விழும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பித் தரும். தண்ணீர் அப்படி இல்லை. நேர்மேலிருந்து பார்த்தால் நூற்றுக்கு இரண்டு பங்கைத்தான் திருப்புகிறது. நாற்பத்தைந்து பாகையில் மூன்று பங்கு. தண்ணீர் மட்டத்தை ஒட்டித் தலையைத் தாழ்த்தினால்தான் பாதிக்கு மேல். மேசை மேல் இருக்கும் மாதிரியை நாம் சாய்வாக மேலிருந்து பார்க்கிறோம். அந்தக் கோணத்தில் குளம் வானத்தைக் காட்டாது. தன் ஆழத்தையும் பாசியையும் காட்டும். கோயில் குளத்துக்கு மாதிரியில் கரும்பச்சைதான் நிறம், வெள்ளி இல்லை.

அப்படியானால் நிஜத் தண்ணீரை ஊற்றிவிட்டால்? பாத்திர ஓரத்தில் தண்ணீர் மேலேறி வளைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரும். அது பரப்பு இழுவிசையும் புவியீர்ப்பும் சமரசமாகும் அளவு. பாத்திரம் சிறியதா பெரியதா என்பது பற்றி அதற்குக் கவலையில்லை. நூற்றுக்கு ஒன்று குளத்தில் அது ஓர் அடி உயர வளைவு. இரண்டு படிக்கட்டை மூழ்கடித்துவிடும். அதனால்தான் இரண்டு பாகம் கலந்து ஊற்றும் எபாக்சி பிசினைப் பயன்படுத்துகிறார்கள். அடியில் முதலில் நிறம் கொடுத்து, ஓரத்தில் பழுப்பு, நடுவில் கருமை என்று ஆழம் காட்டி, மெல்லிய அடுக்குகளாக ஊற்ற வேண்டும். கெட்டியாகும்போது பிசின் தானே சூடாகும். ஒரேயடியாக ஊற்றினால் சூடு வெளியேற வழியில்லாமல் மஞ்சள் பூத்து விரிசல் விடும். பிசினும் ஓரத்தில் ஏறத்தான் பார்க்கும். ஏறின இடத்தில் மங்கலான சாயம் தடவிப் பாசி என்று சமாளித்துவிடலாம்.

ஓவியர் சமாளிக்கலாம், பொறியாளர் சமாளிக்க முடியாது. திருவள்ளூர் மாவட்டம் பூண்டியில் நீர்வளத் துறையைச் சேர்ந்த நீரியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. அணை, மதகு, கலங்கல் எல்லாவற்றையும் சிறிய அளவில் கட்டித் தண்ணீரை ஓடவிட்டுச் சோதிக்கும் இடம். அவர்களுக்குத் தண்ணீர் நிஜமாகவே நடந்துகொள்ள வேண்டும். உத்திரமேரூர் ஏரி, கல்வெட்டுகளில் வயிரமேக தடாகம் என்று பேர் பெற்ற பல்லவர் காலத்து ஏரி; அப்படியான ஒன்றை ஐயாயிரத்துக்கு ஒன்று என்று சுருக்கினால் ஐந்து மீட்டர்க் கரை ஒரு மில்லிமீட்டராகும். அதற்குள் இருக்கும் தண்ணீர் ஏரித் தண்ணீர் இல்லை, வெறும் ஈரம். ஒட்டலும் இழுவிசையுமே அதை ஆட்டிவைக்கும். ஆகவே ஆற்று, ஏரி மாதிரிகளில் கிடைமட்டத்துக்கு ஒரு விகிதமும் செங்குத்துக்கு அதைவிடப் பெரிய விகிதமும் கொடுப்பது வழக்கம். அழகுக்கு வைத்த மாதிரியில் இது பிழை. சோதனை மாதிரியில் இதுதான் நேர்மை. நேரமும் மாறும். இங்கிலாந்தில் டார்க்கீ என்ற ஊரில் 1870-களில் நீள்தொட்டி கட்டி மெழுகுக் கப்பல்களை இழுத்துப் பார்த்த வில்லியம் ஃபிரூட் கண்ட விதிப்படி, நூறில் ஒன்றாகக் குறைத்த வெள்ளத்தில் எல்லாம் பத்து மடங்கு வேகமாக நடந்து முடியும். நூறின் வர்க்கமூலம் பத்து. பத்து மணி நேர வெள்ளத்தை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

சுருங்க மறுப்பவற்றையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒழுங்காகச் சுருங்குகிற ஒன்றும் உண்டு: வெயில் நிழல். சூரியன் நமக்கு அரைப் பாகை அகலத் தட்டு. அதனால் நிழலின் விளிம்பு கத்தி வெட்டாக இல்லாமல், பொருளிலிருந்து நிழல் விழும் தூரத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு அகலத்துக்குக் கசிந்திருக்கும். பத்து மீட்டர் தள்ளி விழும் நிழலுக்குக் கசிவு 10 செ.மீ. அளவு, மாதிரியில் 10 செ.மீ. தள்ளி விழும் நிழலுக்கு ஒரு மில்லிமீட்டர். விகிதம் பிசகவே இல்லை. நான்கடி டியூப்லைட்டின் கீழே இது நடக்காது. இரண்டு மீட்டர் உயரத்தில் அது முப்பது பாகைக்கு மேல் விரிந்த விளக்கு. நிழல் கரைந்துபோய், சுவரின் மேல் நீட்டியிருக்கும் கபோதமும் அதன் கூடு வளைவுகளும் சப்பையாகத் தெரியும். அதே மாதிரியை வாசலுக்குக் கொண்டுபோய் மாலை நான்கு மணி வெயிலில் வைத்தால் கட்டடமாக நிமிர்ந்துவிடும். கட்டடக் கலைஞர்கள் ஜன்னலில் எந்த மாதம் எவ்வளவு வெயில் நுழையும் என்பதை மாதிரியை வைத்தே கணிப்பதும் நிழலின் இந்த நாணயத்தை நம்பித்தான். உத்திரமேரூர் 12.6 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு மேலே வரும். நிழலில்லா நாட்கள் என்கிறார்கள். அன்று கோயிலின் கபோத நிழல் சுவரில் நேர் கீழாக இறங்குவதையும், மாதிரியின் கபோத நிழல் அதையே செய்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கலாம்.

நெட்டிக் கோயிலின் ரகசியம் இப்போது விளங்கும். நெட்டி, ஏரியிலும் சதுப்பிலும் வளரும் செடி. அதன் தண்டு முழுக்க மெல்லிய சுவருள்ள செல்கள், காற்று. சவரக்கத்தி போன்ற கூர்மையில் சீவினால் பிசிறில்லாமல் வெட்டுப்படும். தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் அதற்குச் சாயம் பூசுவதில்லை. புல்லைச் சேர்த்தால் புல்லின் அளவு உதைக்கும், தண்ணீரைச் சேர்த்தால் தண்ணீர் உதைக்கும். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, சரியாகச் சுருங்கும் வடிவத்தையும் நிழலையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கலையில் கண்ணாடிப் பெட்டியும் ஒரு பகுதி என்றே சொல்வேன். கண்ணுக்குத் தெரிகிற தூசி 0.1 மி.மீ. என்றால் நூற்றுக்கு ஒன்றில் அது ஒரு செ.மீ. கல். பெட்டி இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் விமானத்தின் மேல் ஜல்லி கொட்டிய மாதிரி ஆகிவிடும்.

இவ்வளவு செய்தும் மாதிரி, மாதிரியாகவே தெரியக் கடைசிக் காரணம் ஒன்று இருக்கிறது. நம் கண்கள். அவற்றுக்கு நடுவே ஆறு செ.மீ. இடைவெளி. மாதிரி உலகக் கணக்கில் அது ஆறு மீட்டர். நாம் அங்கே கண்கள் அவ்வளவு விலகிய ராட்சதர்கள். இரண்டு கண்ணும் இரண்டு வேறு படங்களைக் காண்பதும், அந்த வேறுபாட்டிலிருந்தே மூளை தூரத்தை அளப்பதும் 1838-இல் அறிவியலாளர் சார்லஸ் வீட்ஸ்டன், கண்ணுக்கு ஒன்றாக இரண்டு படம் காட்டும் தன் ஸ்டீரியோஸ்கோப்பால் நிரூபித்தவை. 50 மீட்டர் தள்ளி இருக்கும் கோயிலில் அந்த வேறுபாடு அநேகமாக இல்லை. அரை மீட்டரில் ஏராளம். கண்மணியின் விட்டமும் அப்படியே. நான்கு மில்லிமீட்டர் என்பது அங்கே 40 செ.மீ. ஜன்னல். அகன்ற துளையில் நுழையும் ஒளி, முன்னால் இருப்பதைத் தெளிவாகக் காட்டினால் பின்னால் இருப்பதை மங்கலாக்கும். 2010-இல் பார்வை ஆய்வாளர் மார்ட்டின் பேங்க்ஸ் குழுவினர், நிஜ நகரங்களின் படங்களில் இந்த மங்கலை வேண்டுமென்றே சேர்த்துக் காட்டியபோது பார்த்தவர்களுக்கு நகரம் பொம்மை அளவில் தெரிந்தது.

இரு கண் வேறுபாடு, மங்கல் இரண்டையும் ஒரேயடியாக முடக்க ஓர் அட்டை போதும். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஊசியால் துளை போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணால் அந்தத் துளை வழியே பாருங்கள். துளை ஒளியைக் குறைக்கும் என்பதால் மாதிரி வெயிலில் இருக்க வேண்டும். தலை, பொம்மை மனிதரின் தலை உயரத்துக்குத் தாழ வேண்டும். கோயில் சட்டென்று பின்வாங்கிப் பெரிதாகும். ஃபெவிகால் பளபளப்பும், ஒட்டாமல் விட்ட தெர்மாகோல் மணியும்கூட அதே துளையில்தான் முதலில் தெரியவரும். அந்த இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, மரத்தூள் டப்பாவை மறுபடி திறக்க வேண்டியதுதான்.